கை போகாத இடம்

வக்கீலம்மா காலை ஒன்பது மணிக்கே கூப்பிட்டு அனுப்பினால் ஒன்று புது வழக்கு பிறந்திருக்கும், இல்லையென்றால் பழைய வழக்கு மூச்சை விடப்போகிறது என்று அர்த்தம். அந்தப் புதன்கிழமை இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. வழக்கு அன்றைக்குத்தான் பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செத்துப்போவதாக இருந்தது.

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள்தான் வக்கீலம்மாவின் அலுவலகம். நாற்காலிகளில் மனிதர்களைவிடக் கட்டுக் காகிதங்களே அதிகம் உட்கார்ந்திருக்கும். சல்லடை உள்ளே வந்து ஒரு கட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருடைய உதவியாளனுக்கு நாற்காலி மிஞ்சவில்லை. ஜன்னலில் சாய்ந்துகொண்டான்.

சல்லடை என்பது அந்த அம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதினெட்டு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து விசாரணை செய்து, பொய்யையும் மெய்யையும் சலித்துச் சலித்துப் பிரித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். அடிபட்டவர்களுக்கு ஏன் எதுவும் தரத் தேவையில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அங்கே வேலை. நாற்பத்தெட்டாவது வயதில் ஒருநாள் அது கசந்துபோய் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். இப்போது எதிர்வரிசையில் நின்று அதே கண்ணால் பார்க்கிறார்.

உதவியாளன் பெயர் வாய்தா. வயது முப்பத்துநான்கு. சட்டக் கல்லூரியின் கடைசிப் பரீட்சையை ஏழு வருடமாக அடுத்த தடவைக்குத் தள்ளிப்போட்டு வருகிறவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? நாக்கு மட்டும் ஒருநாளும் வாய்தா வாங்கியதில்லை.

"இவங்க நம்ம கட்சிக்காரி" என்று வக்கீலம்மா எதிரில் இருந்த பெண்ணைக் காட்டினார்.

"கொடியைக் காணோமே" என்றான் வாய்தா.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். முப்பதைத் தாண்டியவள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவிலிருந்த மூன்றும் இல்லை.

அவள் நான்கு வருடமாக ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பஞ்சிங் மிஷினில் வேலை பார்த்தவள். இரண்டு கனத்த இரும்புப் பலகைகள் புத்தகம்போல விரிந்து மூடும் மிஷின் அது. விரியும்போது அட்டையை உள்ளே வைக்க வேண்டும். மூடித் திறந்தால் பெட்டி வடிவத்தில் வெட்டுப்பட்டு வரும். நாளெல்லாம் அதே வேலை. ஆறு மாதத்துக்கு முன்னால், சரியாகச் சொன்னால் அதற்கு இரண்டு நாள் குறைவு, ஒரு மத்தியானம் அட்டை ஒன்று கோணலாக நின்றது. அவள் நேராக்கப் போனாள். பலகை மூடியது.

ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாளே மேனேஜர் ஆப்பிள் பையோடு வந்து பார்த்தாராம். வக்கீல், கோர்ட் என்று கிளம்பினால் இழுத்துக்கொண்டே போகும், முதலாளி கைவிட மாட்டார், முதலில் புண் ஆறட்டும் என்று அவ்வளவு பாசமாகப் பேசினாராம். அதே கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிற அவளுடைய சொந்த அண்ணனும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் பாப்பா, அடுத்த வாரம் முதலாளியிடம் பேசலாம் என்றான். அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். அதனால் பொறுத்தாள். மேனேஜர் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு இவள் போன் செய்தால் அவர் மீட்டிங்கில் இருந்தார். நேற்று திடீரென்று நேரிலேயே வந்தார், கையில் ஒரு காகிதத்தோடு. விபத்து என் கவனக்குறைவால் நடந்தது, எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது. இங்க் பேடையும் அவரே கொண்டுவந்திருந்தார்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவகிட்ட வந்து கைநாட்டு வைன்னாரு, மேடம். அதுவரைக்கும் எனக்குக் கோபமே வரல. அப்பதான் உறைச்சுது."

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டவள் விடிந்ததும் நேராக இங்கே வந்திருக்கிறாள்.

வக்கீலம்மா மீதியைச் சொன்னார். சட்டப்படி காயம்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அந்தக் கெடுதான் வெள்ளிக்கிழமை ஐந்து மணி. மனுவை எழுதிவிடலாம், அது பெரிய காரியமில்லை. கையில் ஆதாரம் என்று ஒன்றும் இல்லாததுதான் சங்கடம். பஞ்சிங் மிஷினுக்கு முன்னால் கை உள்ளே போகாதபடி ஒரு காப்புத் தகடு இருக்க வேண்டும். அப்படி ஒன்று நான்கு வருடத்தில் இருந்ததே இல்லை என்கிறாள் இவள். மிஷின் வாங்கிய நாளிலிருந்து ஆணி அடித்து நிரந்தரமாக இருந்தது, ஒருநாளும் கழற்றியதில்லை, இவளே அடிப்பக்கமாகக் கையை நுழைத்திருக்கிறாள் என்கிறது அவளைப் பயமுறுத்த மேனேஜர் அந்தக் காகிதத்தோடு சேர்த்து நீட்டிய கம்பெனியின் கடிதம். விபத்து நடந்து ஒரு வாரம் கழித்து அரசாங்க ஆய்வாளர் போனபோது தகடு இருந்தது. தொழிற்கூடத்துக் கேமராவில் பதிவு முப்பது நாள்தான் தங்கும், அதற்குமேல் தானாக அழிந்துவிடும். பக்கத்து மிஷினில் நின்ற பெண் கல்யாணமாகி எங்கேயோ போய்விட்டாள். முதல் வாரமே வந்திருந்தால் இதில் பாதி கைக்குள் இருந்திருக்கும் என்று வக்கீலம்மா ஒரே ஒரு தடவை சொன்னார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டதும் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

"மனுவை நாளைக்கே போட்டுடறேன். ஆனா மனு தனியா நின்னு சண்டை போடாது. எனக்கு அந்த மிஷின் வேணும்" என்றார் சல்லடையைப் பார்த்து.

கம்பெனியின் கடிதத்திலேயே அதற்கும் பதில் இருந்தது. மிஷின் நான்கு மாதத்துக்கு முன்பே பழைய இரும்பாக விற்கப்பட்டுவிட்டது.

"அப்ப அது இந்நேரம் யாரு வீட்டு ஜன்னல்லயோ கம்பியா நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கும்" என்றான் வாய்தா.

சல்லடை கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தகடு ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்பதற்குச் சாட்சியாக ஒரு கையெழுத்து இருந்தது. யாருடையது என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றாள் அந்தப் பெண். நேற்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை என்றும் சொன்னாள்.

*

வாய்தாவின் ஸ்கூட்டர் பத்தரை மணிக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனி இருக்கும் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வாயிலில் நின்று கெஞ்சப்போகிறோமா என்று அவன் கேட்டான். சல்லடை கம்பெனி வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருக்கோடிவரை ஓட்டச் சொன்னார். அங்கே லாரிகளை அப்படியே ஏற்றி நிறுத்தி எடைபோடும் எடைமேடை இருந்தது.

பழைய இரும்பு என்றால் கிலோக்கணக்கில்தான் விலை. லாரியைக் காலியாக ஒருமுறை, சரக்கோடு ஒருமுறை எடைபோடாமல் எந்த இரும்புக்காரனும் தெருவைத் தாண்டமாட்டான். அந்த வட்டாரத்தில் எடைமேடை அது ஒன்றுதான். எடைபோட்டால் லாரி எண் பதிவாகியிருக்கும், லாரி எண் கிடைத்தால் இரும்புக்கடை கிடைக்கும். சல்லடையின் கணக்கு இவ்வளவுதான்.

எடைமேடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு மூக்குக்கண்ணாடி போட்டிருந்த ஆசாமி. சல்லடை ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னார். மூன்று விரல் என்றதும் அவர் பதிவேட்டை எடுத்து முன்னால் வைத்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார்கள். அட்டைப்பெட்டிக் கம்பெனியின் கழிவுக்காகிதம் வாரம் தவறாமல் எடைக்கு வந்திருந்தது. இரும்பு ஒரு தடவைகூட வரவில்லை. ஐந்து மாதத்தையும் பார்த்தாயிற்று. அப்புறம் ஒருதரம் பின்னாலிருந்தும் பார்த்தாயிற்று.

வாய்தா சோர்ந்துபோனான். வந்த ஒரே வழியும் முட்டுச்சந்தாகிவிட்டதே என்று அங்கலாய்த்தான்.

சல்லடைக்கோ முகம் தெளிந்துவிட்டது. எடைமேடைக்காரரிடமே திரும்பிக் கேட்டார்.

"ஏன்ணே, எடை போடாம விக்கற இரும்புன்னு ஒண்ணு இருக்கா?"

அவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார். "ஓடற இரும்பும்மா. ஓடற மிஷினை எவனும் எடை போட்டு விக்க மாட்டான்."

*

மிஷின் உயிரோடு இருக்கிறது. யாரோ அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். யார் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை என்றார் சல்லடை. பஞ்சிங் மிஷின் இருந்தால் மட்டும் பெட்டி வெட்டிவிட முடியாது. ஒவ்வொரு பெட்டி அளவுக்கும் ஒரு டை வேண்டும். மரப்பலகையில் பெட்டியின் விரிப்பு வடிவத்துக்கு மெல்லிய பிளேடுகளைப் பதித்துச் செய்வது. ஒவ்வொரு மிஷினுக்கும் இரும்புச் சட்டத்தின் அளவு வேறு, அதனால் டை அளவும் வேறு. மிஷின் கைமாறினால் புதுக்காரர் ஊரிலிருக்கும் ஒரே டைக்காரரிடம் வந்துதான் தீர வேண்டும்.

டைக்காரரின் பட்டறை மரத்தூள் மணத்தோடு இருந்தது. கட்சிக்காரிக்குப் போன் போட்டு மிஷினின் அளவைக் கேட்டு வாய்தா ஒப்பித்தான். டைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார். அந்த அளவுக்குப் பழைய வாடிக்கை அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றுதான். புதிதாக ஒரே ஓர் இடம். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் கேக் பெட்டி செய்யும் புருஷன் பெண்டாட்டி. நாலு மாதமாக வாங்குகிறார்கள். யார் அவர்களை இங்கே கூட்டிவந்தது என்று சல்லடை சும்மாதான் கேட்டு வைத்தார்.

அந்தக் கம்பெனியின் ஃபிட்டர்தான் என்று டைக்காரர் சொன்னார்.

வெளியே வந்ததும் வாய்தா ஸ்கூட்டரை உதைக்கவே மறந்து நின்றான். தங்கைக்கு விரல் போயிற்று. அண்ணன் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறான், சாட்சியாக இருந்த மிஷினையும் கைமாற்றி மறைத்திருக்கிறான். கூடப் பிறந்ததே குழி பறித்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று பொருமினான்.

"மறைக்கணும்னா உடைச்சிருக்கலாமே" என்றார் சல்லடை.

"உடைச்சா உங்களுக்கு வேலை இருக்காதேன்னு விட்டிருப்பான்."

சல்லடை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார்.

*

கேக் பெட்டிக்காரர்களின் இடம் ஒரு கார் நிறுத்தும் அளவுதான். வெட்டின பெட்டிகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன. நடுவில் பச்சை வண்ணத்தில் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அட்டை வைத்துக்கொண்டிருந்தாள். கணவர் தரையில் உட்கார்ந்து கழிவைக் கிள்ளிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மிஷினின் வாய்க்கு முன்னால் காப்புத் தகடு இருந்தது. கனமான தகடு. நான்கு மூலையிலும் ஆணி அடித்து இறுக்கியது. அட்டை நுழைய ஒரு மெல்லிய இடுக்கு மட்டும் விட்டிருந்தது. கம்பெனி கடிதத்தில் எழுதியது ஓர் எழுத்துப் பிசகாமல் கண்முன்னால் நின்றது.

சல்லடை மனதுக்குள் கணக்குப் போட்டார். இதைக் கண்டுபிடித்து வக்கீலம்மாவிடம் கொண்டுபோனால் நம் கையாலேயே நம் வழக்குக்குக் குழி தோண்டியதாகிவிடும். கணவரிடம் விசாரித்தார். வரும்போதே இப்படித்தான் வந்தது, நாங்கள் ஆணியைத் தொட்டதே இல்லை என்றார் அவர். உள்ளே கை போகாமல் இருப்பது நல்லதுதானே என்று மனைவி சொன்னாள்.

"அக்கா, பேசாம நாலு கேக் பெட்டி வாங்கிக்கிட்டுக் கிளம்புவோம். சும்மா வந்தோம்னு இருக்க வேணாம்" என்றான் வாய்தா.

சல்லடை மிஷினைப் பத்து நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டார். கணவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி வெளியே போட்டார். மனைவி அதற்குள் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் யாரிடமோ தணிந்த குரலில் பேசினாள். வாய்தா அதைக் கவனித்தான். சல்லடை கவனிக்கவில்லை. அவர் முழந்தாளிட்டு, டார்ச்சை இடுக்கில் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியெல்லாம் பச்சை வண்ணம். தகட்டுக்குப் பின்னால், வலது பக்கச் சட்டத்தில் மட்டும் வண்ணம் இல்லை. பழைய சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. அதில் நீல மார்க்கரில் சின்னச் சின்னக் கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது. நாலு கோடு, குறுக்கே ஒன்று. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு தேதி.

சல்லடை எழுந்திருக்காமலே கட்சிக்காரிக்குப் போன் போட்டு, மிஷின் மேல் எப்போதாவது எழுதினாளா என்று கேட்டார்.

எழுதுவாளாம். நூறு அட்டை முடிந்தால் ஒரு கோடு. சூப்பர்வைசர் எண்ணிக்கையில் தகராறு செய்வதால் தேதியும் போட்டு வைப்பாள். அட்டை வைக்கிற கைக்குப் பக்கத்திலேயே சட்டம் இருந்ததால் அதில் எழுதுவது வழக்கம். இடம் தீர்ந்தால் துடைத்துவிட்டு மறுபடி மேலே இருந்து ஆரம்பிப்பாள். அதையெல்லாம் ஒரு விஷயமாக அவள் நினைத்ததே இல்லை.

"கடைசி வரியில என்ன இருக்கு, மேடம்?"

சல்லடை தேதியைப் படித்தார். விபத்து நடந்த நாள். இரண்டு ஐந்து, அப்புறம் மூன்று தனிக்கோடு என்றார்.

அவள் போனில் ஐந்து, பத்து என்று முணுமுணுத்து எண்ணினாள். பிறகு அவள் சொன்னாள். "ஆமா. பதினாலாவது நூறு முடியல."

சல்லடை எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார். வாய்தாவிடம் இடுக்கு வழியாகக் கையை விட்டு அந்த எழுத்தைத் தொடச் சொன்னார்.

"எனக்குப் பத்து விரலும் வேணும்க்கா. பரீட்சை எழுதணும்."

"எந்த வருஷம்?"

பிளக் தரையில் கிடப்பதை இருமுறை பார்த்துவிட்டு அவன் முயன்றான். நகம்கூட நுழையவில்லை. கணவர் அடிப்பக்கமாகக் கையை விட்டுப் பார்த்தார். போன் பேசிவிட்டு வந்த மனைவிக்குத்தான் இருப்பதிலேயே மெல்லிய கை. அவளும் தோள்வரை நுழைத்தாள். எழுத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

சல்லடை கம்பெனி கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். தகடு முதல் நாளிலிருந்து ஆணியடித்து இருந்தது, ஒருநாளும் கழற்றவில்லை என்று அவர்களே எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் கை போகாத இடத்தில் கையெழுத்து எப்படி வந்தது? விபத்து நாள்வரை அங்கே கை தாராளமாகப் போய்வந்தது என்பதுதான் அதன் பொருள். தகடு பிறகுதான் வந்தது.

வாய்தா எதிர்க்கட்சி வக்கீலாக மாறிப் பார்த்தான். விபத்துக்கு அப்புறம் இவளே வந்து எழுதியிருக்கலாமே என்றான்.

"அவ எழுத்து அது. எதோட ஒப்பிட்டாலும் தெரியும். அப்புறம் வந்து எழுத, எழுதின விரல் எங்க இருக்கு?" என்றார் சல்லடை.

அவன் எதிர்க்கட்சி வக்கீல் வேலையை அப்போதே ராஜினாமா செய்தான்.

அந்த நேரத்தில் வெளியே ஒரு பைக் வந்து நின்றது. நீலச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஒரு மனிதர் இறங்கினார். தோளில் கருவிப்பை. பையில் துளையிடும் மிஷினின் தலை எட்டிப் பார்த்தது. இவர்தான் ஃபிட்டர் என்று கேக் பெட்டிக்காரி சொன்னாள். இந்த மிஷினைத் தேடி யார் வந்தாலும் உடனே தனக்குச் சொல்ல வேண்டும் என்று விற்கும்போதே வாக்கு வாங்கியிருந்தாராம்.

வாய்தா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மிஷினுக்கு முன்னால் போய் நின்றான். தடுத்து நிறுத்துகிற உடம்பு இல்லை, இருந்தும் நின்றான்.

ஃபிட்டர் அவனைப் பார்க்கவே இல்லை. இடுக்குக்குள் எரிந்துகொண்டிருந்த டார்ச்சைப் பார்த்தார்.

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டோம்" என்றார் சல்லடை.

அவர் பையை இறக்கி வைத்துவிட்டு அட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்தார். "யாராவது வரதுக்கு இத்தனை மாசம் ஆச்சு."

பிறகு கேட்காமலே சொன்னார். விபத்து நடந்த அன்றைக்குச் சாயங்காலமே மேனேஜர் கூப்பிட்டுத் தகடு பொருத்தச் சொன்னார். அதற்கு முன் மிஷினை வண்ணம் கரைக்கும் தின்னர் விட்டுத் துடைத்து முழுக்க வண்ணம் அடிக்கச் சொன்னார். இவர் வெளியெல்லாம் அடித்தார். சட்டத்தில் இருந்த கோடுகளுக்கு வந்தபோது தின்னரில் நனைத்த துணி கையில்தான் இருந்தது. துடைக்கவில்லை. தகட்டை அதன்மேலே வைத்து ஆணியை இறுக்கிவிட்டார். வெளியிலிருந்து பார்த்த மேனேஜருக்குத் தகடு மட்டும் தெரிந்தது. திருப்தியாகப் போய்விட்டார். உடைத்துப் போடச் சொன்னபோதும், ஓடுகிற மிஷினாக விற்றால் இன்னும் நல்ல விலை வரும் என்று ஆசை காட்டி இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் இவர்தான். யாரும் தேடி வரக்கூடாது என்று மேனேஜர் கடிதத்தில் பழைய இரும்பு என்று எழுதிக்கொண்டார்.

சாட்சிக் கையெழுத்து? அதையும் போட்டது இவர்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வேலை போய்விடும் என்ற பயம்.

"தங்கச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் சல்லடை.

"சொன்னா அன்னிக்கே வக்கீல்கிட்ட போயிருப்பா. நான் அவகிட்ட பொறு பொறுன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். வக்கீலுன்னு ஒருத்தர் வந்து கேட்டா மறைக்கக் கூடாதுன்னு மட்டும் எனக்குள்ள முடிவு பண்ணி வெச்சிருந்தேன். யாரும் வரல."

"எப்படி வருவாங்க? போகவேண்டியவளைப் பிடிச்சு நிறுத்தினதே நீங்கதான்."

அவர் எழுந்து, துளையிடும் மிஷினை எடுத்துக்கொண்டு தகட்டை நோக்கிப் போனார். ஆணித்தலைகளைத் துளைத்து இப்போதே திறந்துவிடுகிறேன் என்றார். சல்லடை அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். ஆணி அடித்தபடியே இருந்தால்தான் அது சாட்சி. இவர் கையால் திறந்துவிட்டால் நேற்று எழுதியது என்று சொல்லிவிடுவார்கள். திறக்கிற கை நீதிமன்றம் அனுப்புகிற கையாக இருக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் வக்கீலம்மா புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்தார். இடுக்கு வழியாகவும் அடியிலிருந்தும் படங்கள் எடுத்தார்கள். கேக் பெட்டிக்காரர்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தார்கள். நீதிமன்றத்திலிருந்து ஆள் வரும்வரை மிஷினை ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபோது கணவர் முகம் சுருங்கியது. ஆர்டர் நிற்கிறதே என்றார்.

"கத்திரிக்கோல் எதுக்கு இருக்கு?" என்று மனைவி அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். "நானும் தினம் இதுலதானே கை வெக்கறேன்."

*

வியாழக்கிழமை காலை நீதிமன்ற அலுவலகம் திறந்த அரை மணி நேரத்தில் மனு பதிவாகிவிட்டது. மிஷினையும் பதிவேடுகளையும் தொடக்கூடாது என்ற அறிவிப்பும் கம்பெனிக்குப் போய்விட்டது. அழிந்துபோன கேமராப் பதிவு அழிந்ததுதான். பக்கத்து மிஷின்காரி எங்கே என்பது இன்னும் தெரியவில்லை. ஆனால் இனி வழக்கு வெறுங்கையோடு நிற்காது என்று வக்கீலம்மா சொன்னார். அவர் சாதாரணமாக அவ்வளவுகூடச் சொல்லமாட்டார்.

பதினொன்றரைக்கு ஃபிட்டர் மாடியேறி வந்தார். தங்கை ஏற்கெனவே அங்கே இருந்தாள். அவள் ஜன்னலைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். வாய்தா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அன்றைக்கு வெயில் கம்மி என்றான்.

ஃபிட்டர் முழுவதையும் ஒளிக்காமல் சொன்னார். வக்கீலம்மா எழுதிக்கொண்டார். பொய்க் கையெழுத்துப் போட்டதையும் மறைக்காமல் சொல்வதில் உங்களுக்குச் சங்கடம் உண்டு, தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். தெரியும் என்றார் அவர்.

தங்கை ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"தின்னர் துணி கையில இருந்துச்சுன்னு சொன்னியாமே."

"இருந்துச்சு."

"ஏன் துடைக்கல?"

"மூணு கோட்டோட நின்னு போயிருந்துச்சு, பாப்பா. அதை எப்படி..." அவர் முடிக்கவில்லை.

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் வாய்தாவால் அப்போது சத்தியம் செய்து சொல்ல முடிந்திருக்காது.

ஃபிட்டரின் சட்டைப்பையில் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. வக்கீலம்மா சைகை காட்ட, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். மேனேஜரின் குரல் தேனாக வழிந்தது. ஒன்றுமில்லை, ஒரு சின்ன விஷயம், உடனே ஆபீசுக்கு வந்துவிட்டுப் போ என்றார். வரும்போது அடையாள அட்டையையும் லாக்கர் சாவியையும் எடுத்துக்கொண்டு வா. ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

போனை வைத்ததும் ஃபிட்டர் எழுந்துவிட்டார். பதினைந்து வருடமாக அந்தக் குரல் கூப்பிட்டால் எழுந்து பழகிய கால். என்ன பேப்பர் என்று பார்த்துவிட்டு வருகிறேன், வேலையை விட்டு நிறுத்தினால்தானே பிரச்சினை, அப்படி ஏதாவது ஆனால் அடுத்த வாரம் வந்து உங்களிடம் யோசனை கேட்கிறேன் என்று வக்கீலம்மாவிடம் சொல்லிக்கொண்டே பையை மாட்டினார்.

தங்கை எழுந்து வந்து அவர் தோளிலிருந்த பையின் வாரைப் பிடித்தாள்.

"உக்காரு அண்ணா."

"போய் என்னன்னு பாத்துட்டு..."

"அடுத்த வாரம் அடுத்த வாரம்னுதான் எனக்கு ஆறு மாசம் போச்சு. உனக்கு ஒரு நாள்கூடப் போக வேணாம். இப்பவே கேளு."

பையை அவளே கழற்றி மூலையில் வைத்தாள். நாற்காலியில் இருந்த கட்டுக் காகிதத்தை வாய்தா அவசரமாக எடுத்துக்கொண்டான். ஃபிட்டர் உட்கார்ந்தார். தங்கை பக்கத்து நாற்காலியை இழுத்து, இந்தத் தடவை ஜன்னலுக்கு முதுகு காட்டி, அண்ணனுக்கு அருகே உட்கார்ந்தாள்.

போன் மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. வக்கீலம்மா புதிதாக ஒரு தாளை எடுத்து, தலைப்பில் அன்றைய தேதியை எழுதினார்.